கணினிக்கு உண்மையான சமவாய்ப்பு எங்கிருந்து வருகிறது? மேசைமேல் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஒரே கணக்கை ஆயிரம் முறை கொடுத்தாலும் ஆயிரம் முறையும் ஒரே விடையைத் தருவதுதான் கணினியிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுக்கம். தகவல்களைப் பூட்டும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்க வேண்டிய நேரத்தில் அந்த ஒழுக்கமே இடைஞ்சலாகிவிடுகிறது. அப்போது நமக்கு வேண்டியது யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண். அதைத் தர வேண்டியதோ, முன்கூட்டிச் சொல்லக்கூடியதை மட்டுமே செய்யத் தெரிந்த இயந்திரம். இந்தச் சிக்கலை வன்பொருள் எப்படித் தீர்க்கிறது என்பதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு அது மறக்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு அதற்கு ஒரு சனிக்கிழமையும் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு ஒரு நடையும் போதும். பெரிய மின்னணுவியல் அனுபவம் எதுவும் வேண்டாம். பிரெட்போர்டில் கம்பி செருகவும், ஆர்டுயினோவில் ஒரு எல்இடியை மினுக்கவும் தெரிந்திருந்தால் சரி.

பள்ளிப் பாடநூல்கள் சமவாய்ப்பு என்றும் வேலையிடத்தில் நாம் ரேண்டம் என்றும் சொல்வது ஒன்றையேதான். நிரல்மொழிகள் சாதாரணமாகத் தரும் ரேண்டம் எண்கள் போலிச் சமவாய்ப்பு எண்கள்: வித்து எனப்படும் ஒரு தொடக்க எண்ணை வாங்கிக்கொண்டு, ஒரு சூத்திரத்தால் அதைத் திரும்பத் திரும்பக் கிளறி, பார்வைக்குத் தாறுமாறாகத் தெரியும் ஒரு வரிசையை அவை வெளியிடுகின்றன. பைத்தானின் வழக்கமான ரேண்டம் தொகுதிக்குப் பின்னால் இருக்கும் மெர்சென் ட்விஸ்டர் என்ற சூத்திரத்தின் 32 பிட் வெளியீடுகளில் 624ஐ அடுத்தடுத்துப் பார்த்துவிட்ட ஒருவர், அதற்குப் பிறகு வரப்போகும் அனைத்தையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். விளையாட்டுக்கு அது தாராளமாகப் போதும், சாவிக்கு ஆகாது. சாவிக்கென்றே உருவான வலுவான சூத்திரங்கள் தனியாக உண்டு. ஆனால் அவற்றுக்கும் வித்து ஒன்று வேண்டும், அந்த வித்தைச் சூத்திரமே உண்டாக்கிக்கொள்ள முடியாது.

வித்து கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கதை ஒன்று போதும். 2006இல் அங்கே, சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் நல்லெண்ணத்துடன் நீக்கப்பட்ட ஓரிரு வரிகளால், வித்துக்குள் போய்ச் சேர வேண்டிய தகவல்களில், ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் செயல்முறை எண் மட்டுமே மிஞ்சியது. 2008 மே மாதம் இது வெளியே தெரிந்தபோது, அந்தக் கணினிகளில் உருவான ஒவ்வொரு வகைச் சாவிக்கும் அதிகபட்சம் 32,768 சாத்தியங்களே இருந்தன என்பதும், ஒரு மடிக்கணினி அவை அனைத்தையும் எளிதில் முயன்று பார்த்துவிடும் என்பதும் புலப்பட்டன. ஏறத்தாழ 2 ஆண்டுகள் அந்தச் சாவிகளைப் பார்த்த யாருக்கும் ஐயம் எழவில்லை, ஏனென்றால் அவை தோற்றத்தில் மற்ற எந்தச் சாவியையும் போலவே இருந்தன. இந்தக் கட்டுரை முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: எண்ணின் முகத்தைப் பார்த்து அதன் பிறப்பைச் சொல்ல முடியாது.

முதல் படி: ஒரு புளியங்கொட்டை

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு பயிற்சி. தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல் ஒரு புளியங்கொட்டையை எடுத்து, அதன் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். இப்போது அதை வீசி, வெள்ளை மேலே விழுந்தால் 1, கறுப்பு மேலே விழுந்தால் 0 என்று எழுதிவாருங்கள். நூறு முறை வீசினால் சரிபாதி வராது. தேய்த்த பக்கம் தட்டையாகிவிட்டதால் கொட்டை ஒரு பக்கமாகவே சாயும். வெள்ளை நூற்றுக்கு 60 முறை விழுவதாக வைத்துக்கொள்வோம். இயற்கையில் கிடைக்கும் எந்த மூலமும் இப்படித்தான், சாய்வு இல்லாத மூலம் என்று ஒன்று கிடையாது.

இந்தச் சாய்வை நீக்கக் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1951இல் சொன்ன வழி, கொட்டையைத் திருத்தாமலேயே விடையைத் திருத்துகிறது. வீச்சுகளை இரண்டிரண்டாகச் சேருங்கள். முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு என்றால் 1; முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை என்றால் 0; இரண்டும் ஒன்றாக விழுந்தால் அந்த ஜோடியையே தள்ளிவிடுங்கள். வெள்ளைக்குப் பின் கறுப்பு வரும் வாய்ப்பு 0.6 பெருக்கல் 0.4, அதாவது 0.24, கறுப்புக்குப் பின் வெள்ளை வருவதும் அதே 0.24. கொட்டை எவ்வளவு கோணலாக இருந்தாலும் இந்த இரண்டும் சமமாகவே இருக்கும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, வீச்சுகளில் முக்கால்வாசிக்கும் மேல் வீணாவது.

இதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது, புதியவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். கொட்டையைக் குலுக்காமல், விழுந்த கொட்டையை அப்படியே எடுத்து மெல்லப் புரட்டிப் போடும் சோம்பேறி ஒருவர் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறிக் கொண்டுவந்தால், எண்ணிக்கையில் இரண்டும் சரிபாதியாகவே இருக்கும். வான் நியூமன் முறையோ வெறும் சுழியங்களை மட்டும் கொடுத்துக்கொண்டே போகும். சாய்வை நீக்கும் வழி, தொடர்பை நீக்கும் வழியாகாது. பின்னால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைச் சந்திக்கும்போது இந்தச் சோம்பேறியை நினைத்துக்கொள்ளுங்கள்.

புளியங்கொட்டையின் வேலையைச் செய்யும் பொருள்கள்

மின்சுற்றுக்குள் குலுக்கலைச் செய்வது இரைச்சல். எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டிருப்பதால், அதன் இரு முனைகளுக்கு இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 27 பாகை வெப்பத்தில் இருக்கும் 1 மெகாஓம் மின்தடையில், 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அதிர்வெண் பட்டைக்குள் இதன் அளவு ஏறத்தாழ 13 மைக்ரோவோல்ட்டு. அக்னி நட்சத்திரத்தில் அறை 40 பாகைக்குப் போனால் இந்த இரைச்சலும் எகிறிவிடும் என்று தோன்றலாம். ஆனால் கணக்கில் வருவது கெல்வின் அளவையின் வர்க்கமூலம். 300 கெல்வின் 313 ஆவதால் இரைச்சல் கூடுவது 2 விழுக்காடுதான். சென்னை வெயில் மூலத்தைக் கெடுப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள பெருக்கியின் நடுப்புள்ளியை நகர்த்திச் சாய்வைத்தான் மாற்றிவிடுகிறது.

13 மைக்ரோவோல்ட்டு என்பது கையாள முடியாத அளவுக்குச் சிறியது. அதனால் கைவேலைக்கு ஏற்றது வேறொன்று: டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் சந்தியைத் தலைகீழாக, அதன் தாங்குதிறனுக்கு மேல் அழுத்தினால், ஒரு எலக்ட்ரான் மோதிப் பலவற்றை விடுவிக்க, அவை மேலும் பலவற்றை விடுவிக்க, மணற்சரிவுபோல் மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாயும். எந்தச் சரிவு எந்த நொடியில் தொடங்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. இது வெப்ப இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. நாம் செய்யப்போகும் சுற்றும் இதுவே.

சில்லுகளுக்குள் வேறு இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, 0ஐ 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் திருப்பும் இன்வெர்ட்டர் என்ற சிறு சுற்றுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாகக் கோத்து, தன் வாலைத் தானே துரத்தும் நாய்போல் ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரத்தில் உண்டாகும் நுண்ணிய தடுமாற்றத்தை எடுத்துக்கொள்வது. இது மலிவானது, ஆனால் 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மின்வழங்கி வழியே ஒரு சைன் அலையைச் செலுத்தி, இத்தகைய வளையங்களைத் தங்கள் தாளத்துக்கு ஆடவைத்துக் காட்டினார்கள். மற்றொன்று இன்டெல் 2012இல் ஐவி பிரிட்ஜ் செயலிகளில் கொண்டுவந்த முறை. எதிரெதிராகப் பிணைத்த இரண்டு இன்வெர்ட்டர்களை, 0 என்றும் 1 என்றும் முடிவெடுக்க முடியாத நடுநிலையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். அம்மிக் குழவியை முனையில் நிறுத்திவிட்டுக் கையை எடுப்பதுபோல்தான் இது. இந்தப் பக்கம் சாய்வதா அந்தப் பக்கம் சாய்வதா என்பதை அந்தக் கணத்து வெப்ப இரைச்சலே தீர்மானிக்கும். இந்தக் குழவி நொடிக்கு 300 கோடி முறை அளவில் விழுந்து எழுகிறது.

குவாண்டம் மூலங்களைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. 2020இல் வந்த கேலக்சி ஏ குவாண்டம் கைபேசியில், ஒரு சிறு எல்இடியின் ஒளித்துகள்களை உணர்வி எண்ணும்போது வரும் ஏற்ற இறக்கத்தைப் பயன்படுத்தும் சில்லு இருந்தது. கோட்பாட்டளவில் அழகானது; ஆனால் புதியவர் ஒருவர் முதலில் கற்க வேண்டியது மூலத்தின் பெயரை அல்ல, மூலம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழியை.

இரண்டாம் படி: வாங்க வேண்டியவை

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் முதல் சந்திலேயே எல்லாமும் கிடைத்துவிடும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே போய்விடுங்கள். பிசி 547 டிரான்சிஸ்டர் பத்து, 100 கிலோஓம் மின்தடை (பழுப்பு, கறுப்பு, மஞ்சள்), 4.7 கிலோஓம் (மஞ்சள், ஊதா, சிவப்பு), 1 மெகாஓம் (பழுப்பு, கறுப்பு, பச்சை), 104 என்று அச்சிட்ட செராமிக் மின்தேக்கி, பிரெட்போர்டு, கம்பிகள், ஒரு சிவப்பு எல்இடி, அதற்கு 330 ஓம் மின்தடை, எட்டு பென்சில் பேட்டரி வைக்கும் உறை ஆகியவை போதும். ஆர்டுயினோ ஊனோவும் மல்ட்டிமீட்டரும் கையில் இல்லையென்றால் அவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். “547 இல்ல தம்பி, 3904 தரட்டுமா?” என்று கடைக்காரர் கேட்டால் வாங்கலாம், ஆனால் கால்களின் வரிசை வேறு என்பதை மனத்தில் வையுங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி 547இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் அதற்கு நேர்மாறாக எமிட்டர், பேஸ், கலெக்டர்.

எட்டு பேட்டரி எதற்கு, 12 வோல்ட்டு அடாப்டர் போதாதா என்ற கேள்வி எழும். அடாப்டர் வேலை செய்யும், செய்வதுதான் ஆபத்து. மலிவான அடாப்டரின் வெளியீட்டில் அதன் உள்சுற்று உண்டாக்கும் சிற்றலை எப்போதும் கலந்திருக்கும். அந்தச் சிற்றலையைப் பெருக்கிப் பார்த்தால் அதுவும் இரைச்சல்போலவே தெரியும்.

மூன்றாம் படி: சுற்று

முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை 100 கிலோஓம் வழியாக 12 வோல்ட்டின் நேர்முனையுடன் இணையுங்கள். அதன் பேஸை எதிர்முனையுடன் இணைத்து, கலெக்டரை எதிலும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். இப்போது எமிட்டருக்கும் எதிர்முனைக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 7 முதல் 9 வோல்ட்டு வரை காட்ட வேண்டும். சந்தி முறிந்து, சரிவு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 12ஐ ஒட்டிக் காட்டினால் பெரும்பாலும் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். 9 வோல்ட்டு சதுரப் பேட்டரியைக் கொண்டு இதைச் செய்ய முயல்பவர்கள், பேட்டரி சற்றுத் தளர்ந்ததும் சந்தி முறிவதே நின்றுபோவதைக் காண்பார்கள்.

அந்த எமிட்டரிலிருந்து 104 மின்தேக்கி வழியாக இரண்டாம் டிரான்சிஸ்டரின் பேஸுக்குச் செல்லுங்கள். இரண்டாம் டிரான்சிஸ்டரின் எமிட்டர் எதிர்முனைக்கு, கலெக்டர் 4.7 கிலோஓம் வழியாக ஆர்டுயினோவின் 5 வோல்ட்டு முனைக்கு. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 1 மெகாஓம். கலெக்டரிலிருந்து ஒரு கம்பி ஆர்டுயினோவின் ஏ0 முனைக்கு. பேட்டரியின் எதிர்முனையையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்ட மறக்காதீர்கள். இந்த அமைப்பில் இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் 5 வோல்ட்டின் நடுவில், ஏறத்தாழ இரண்டரை வோல்ட்டில் தானாக நின்றுகொள்ளும். பெருக்கி 5 வோல்ட்டில் மட்டும் இயங்குவதால், அதன் வெளியீடு ஆர்டுயினோவைச் சுட்டெரிக்கும் அளவுக்கு உயர முடியாது. 12 வோல்ட்டுக் கம்பியை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் ஆர்டுயினோவின் உள்ளீட்டு முனையில் தொடவிட வேண்டாம்.

முறிவுநிலையில் நெடுநேரம் இயங்கும் டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறன் மெல்லக் கெட்டுவிடும். இரைச்சலுக்குப் பயன்படுத்திய டிரான்சிஸ்டரின் தலையில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். நாளை அதையே வேறு சுற்றில் பெருக்கியாகச் செருகி, ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிராது.

ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் பிளாட்டரைத் திறந்து ஏ0இன் வாசிப்பை வரையச் சொன்னால், புல்தரைபோல் ஒழுங்கற்று நிமிர்ந்து நிற்கும் கோடுகள் தெரிய வேண்டும். ஒவ்வொரு வாசிப்பும் 0 முதல் 1023 வரையான எண். ஒரு படி என்பது ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட்டு. புல்லுக்குப் பதிலாக மெரினாவின் அலைபோல் ஒரே சீராக ஏறி இறங்கும் வளைவு தெரிந்தால், நீங்கள் பார்ப்பது டிரான்சிஸ்டரை அல்ல, வீட்டுக் கம்பிகளில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை.

நான்காம் படி: பிட்டுகளை எடுப்பதும் என் பிழையும்

ஒவ்வொரு வாசிப்பிலும் கடைசி பிட்டை மட்டும், அதாவது எண் ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நூறு, இருநூறு படிகளுக்குப் பரவியிருக்கும்போது கடைசி பிட்டில் சாய்வு மிகக் குறைவாகவே இருக்கும். ஊனோ ஒரு வாசிப்புக்கு ஏறத்தாழ 100 மைக்ரோநொடி எடுத்துக்கொள்வதால், எட்டு பிட்டுகளை ஒரு பைட்டாகச் சேர்த்து அனுப்பினால் 10 லட்சம் பிட்டுகள் இரண்டு நிமிடத்துக்குள் கணினிக்கு வந்துவிடும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, வந்த பிட்டுகளை, எதைக் கொடுத்தாலும் கலக்கி 256 பிட்டாகத் தரும் ஷா-256 ஹாஷ் சார்புக்குள் நேராக ஊற்றி, வெளியே வந்ததைச் சோதித்தேன். எல்லாச் சோதனைகளிலும் தேறியது. இரண்டு நாள் பெருமையோடு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மேசையைத் துடைக்கும்போது பார்த்தால், இரைச்சல் டிரான்சிஸ்டரின் ஒரு கால் பிரெட்போர்டில் இறங்காமல் மடங்கி வெளியே நின்றுகொண்டிருந்தது. நான் சோதித்தது அடாப்டரின் சிற்றலையையும் ஆர்டுயினோவின் சொந்தத் தடுமாற்றத்தையும். சோதனையில் அது தேறியதற்குக் காரணம் ஹாஷ். 1, 2, 3 என்று வரிசையாக எண்களைக் கொடுத்தாலும் அதே சோதனைகளில் தேறும் வெளியீட்டைத்தான் ஷா-256 தரும்.

ஆகவே சோதனை எப்போதும் கழுவாத, பதப்படுத்தாத பிட்டுகளின் மீதே நடக்க வேண்டும். 20,000 பிட்டுகளை எடுத்து 1களை எண்ணுங்கள். அமெரிக்காவின் ஃபிப்ஸ் 140-2 தரத்தின் பழைய அளவுகோலின்படி அது 9,725க்கு மேலும் 10,275க்குக் கீழும் இருக்க வேண்டும். ஒரே பிட் 26 முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வரக்கூடாது. அடுத்து, 256க்கு 256 கட்டத்தில் 1ஐக் கறுப்பாகவும் 0ஐ வெள்ளையாகவும் நிரப்பி ஒரு படமாக்கிப் பாருங்கள். சாய்கோடுகளோ அலைகளோ இருந்தால், பல பக்கப் புள்ளியியலைவிட விரைவாக நம் கண் அவற்றைப் பிடித்துவிடும்.

இவற்றைவிட முக்கியமான சோதனைக்கு எந்தத் தரநிலையும் தேவையில்லை. சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் டிரான்சிஸ்டரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள். புல்தரை படுத்துவிட வேண்டும். படுக்கவில்லையென்றால் இதுவரை நீங்கள் அளந்தது வேறு எதையோ. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும்போதும் ஒருமுறை அளந்து பாருங்கள். அதன் கார்பன் பிரஷ்கள் பொறியும்போது வரும் குறுக்கீடு உங்கள் வரைபடத்தில் தெரிந்தால், சுற்றைப் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைக் கிரவுண்டுடன் இணைப்பது நல்லது. மிக்சியும் இரைச்சல்தானே, அதையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். சட்னி அரைக்கும் நேரத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை, பக்கத்து வீட்டார் முடிவு செய்கிறார்கள். வெளியாள் கட்டுப்படுத்தக்கூடியதை மூலம் என்று கணக்கில் எழுதக்கூடாது.

ஐந்தாம் படி: எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டுப் பதப்படுத்துதல்

மூலத்தின் மதிப்பை அளக்கும் அலகு என்ட்ரோபி. பாதுகாப்புத் துறையில் இதன் கறாரான வடிவத்தையே எடுத்துக்கொள்வார்கள்: எதிராளி ஊகிக்கத் தொடங்கினால், முதல் ஊகத்திலேயே சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு எவ்வளவு? நம் புளியங்கொட்டையில் அவர் எப்போதும் வெள்ளை என்றே சொல்வார். நூற்றுக்கு 60 முறை வெல்வார். 0.6ஐ 2இன் அடுக்காக எழுதிப் பார்த்தால், ஒரு வீச்சுக்கு 0.737 பிட் தேறுகிறது. 256 பிட் சாவிக்கு அந்தக் கொட்டையைக் குறைந்தது 348 முறை வீச வேண்டும். நம் கணிப்பே தவறாக இருக்கக்கூடும் என்பதால், நான் எப்போதும் அதை இரட்டித்து, அதற்கும் மேலே எடுத்துக்கொள்வேன்.

டிரான்சிஸ்டர் பிட்டுகளுக்கு வான் நியூமன் முறையைச் செய்து பார்ப்பது கற்பதற்கு நல்லது. 10 லட்சம் பிட்டுகளிலிருந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் மிஞ்சும். உண்மையான பயன்பாட்டுக்கு ஹாஷ் மேலானது, ஏனென்றால் அடுத்தடுத்த பிட்டுகளுக்கு இடையே கொஞ்சம் தொடர்பு இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். 1,024 பிட்டுகளை உள்ளே ஊற்றி 256 பிட்டுகளை வெளியே எடுங்கள். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: ஹாஷ் சாற்றைப் பிழிந்து செறிவாக்கும், இல்லாத சாற்றை உண்டாக்காது.

இதற்கு முற்றிலும் எதிரான பழக்கம் ஒன்று ஆர்டுயினோ பாடங்களில் பரவிக் கிடக்கிறது. எதிலும் இணைக்காத முனையின் ஒரே ஒரு வாசிப்பை வித்தாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த வாசிப்புக்கு இருப்பது 1,024 மதிப்புகள் மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை வருவதே இல்லை. பாம்பு விளையாட்டுக்கு அது போதும். கதவுப் பூட்டுக்கு அதைப் பயன்படுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பது

இவ்வளவும் செய்த பிறகு, அன்றாட வேலைக்கு இந்தச் சுற்றைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்று சொல்வது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். இன்றைய இன்டெல், ஏஎம்டி செயலிகளில் சமவாய்ப்பு எண் தரும் ஆர்டிரேண்ட் என்ற கட்டளை இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் தனி இரைச்சல் மூலம் சில்லுக்குள்ளேயே உள்ளது. ஈஎஸ்பி32 சில்லிலும் உண்டு. ஆனால் வைஃபையோ புளூடூத்தோ இயங்கும்போது, அல்லது சில்லின் உள் இரைச்சல் மூலத்தை நிரல் தனியாக இயக்கிவைத்திருக்கும்போதுதான் அது தரும் எண்களை உண்மைச் சமவாய்ப்பு என்று நம்பலாம் என அதன் ஆவணமே எச்சரிக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இரண்டையும் அணைத்துவிட்டுச் சாவி உருவாக்கும் நிரல்களை எழுதுபவர்கள் இந்த வரியைப் படிக்கத் தவறுகிறார்கள்.

சில்லு சொல்வதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2019இல் வந்த ரைசன் 3000 வரிசைச் செயலிகள் சிலவற்றில், ஆர்டிரேண்ட் ஒவ்வொரு முறையும் எல்லாப் பிட்டும் 1 ஆன ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றும் அறிவித்தது. சில லினக்ஸ் கணினிகள் அதனால் தொடங்கவே மறுத்தன; பயாஸ் புதுப்பிப்பு வந்த பிறகே நிலைமை சரியானது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் உள்ள உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, குடவோலைத் தேர்வில் குடத்தை எல்லாரும் காண உயர்த்திக் காட்ட வேண்டும் என்றும், உள்ளே இருப்பதை அறியாத சிறுவனே ஓலையை எடுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. சில்லுக்குள் இருக்கும் குடத்தை யாரும் அப்படி உயர்த்திக் காட்டுவதில்லை. ஆகவே லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவகம், செயலி தரும் எண்ணோடு, விசைப்பலகை, வட்டு, பிணைய அட்டை ஆகியவற்றிலிருந்து செயலிக்கு வரும் அழைப்புகளின் நுண்ணிய நேர வேறுபாடுகளையும் ஒரே தொட்டியில் கலக்கிறது. நேர்மையாகக் கலக்கப்பட்ட மூலங்களில் ஒன்று நல்லதாக இருந்தாலும் தொட்டி நல்லதாகவே இருக்கும்.

ஆகவே நிரல் எழுதும்போது உங்கள் மொழியின் ரேண்டம் தொகுதியைத் தொடாமல், இயங்குதளத்திடம் நேரடியாகக் கேளுங்கள். பைத்தானில் அதற்கு சீக்ரெட்ஸ் என்ற தொகுதி இருக்கிறது. லினக்ஸின் ரேண்டம், யுரேண்டம் ஆகிய இரண்டு சாதனக் கோப்புகளில் முதலாவதே தூயது என்று பழைய பாடங்கள் சொல்லும்; 2020இல் வந்த 5.6 கருவகத்திலிருந்து, கணினி தொடங்கித் தொட்டி ஒருமுறை நிரம்பிவிட்டால் முதலாவதும் காத்திருக்க வைப்பதில்லை. அந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட இன்று காரணம் இல்லை.

கவலைப்பட வேண்டிய நேரம் ஒன்று உண்டு, அது முதன்முறை இயங்கும் நேரம். விசைப்பலகையும் வட்டும் இல்லாத ரவுட்டர் பெட்டி ஒன்று, மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் தன் சாவியை உருவாக்கிக்கொண்டால், அந்தத் தொட்டியில் அப்போது ஏறத்தாழ எதுவுமே இருக்காது. 2012இல் வெளியான ஆய்வொன்று இணையத்தில் தெரிந்த சாவிகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, இப்படிப்பட்ட பெட்டிகள் பல, பெருக்கிச் சாவியாக்கும் இரண்டு ரகசியப் பகா எண்களில் ஒன்றைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருந்தன; இரண்டு சாவிகளுக்கு மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடித்தாலே இரண்டும் உடைந்தன. பத்தாம் வகுப்புக் கணக்குதான். மெய்நிகர் கணினியின் ஒரே நகலிலிருந்து பத்துக் கணினிகளை எழுப்புபவர்களும் இதே பள்ளத்தில் விழலாம். நகலுக்குள் உருவான சாவிகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு கணினியும் எழுந்த பிறகு புதிதாக உருவாக்க வேண்டும்.

கடைசிப் படி: காவல்

உங்கள் சுற்றுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஆர்டுயினோ பிட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, தன் மூலத்தைத் தானே கண்காணிக்க வேண்டும். ஒரே பிட் 21 முறை தொடர்ந்து வந்தால் நிறுத்து என்பது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 800-90பி ஆவணம் தரும் எளிய சோதனை. அறுந்துபோன கம்பியை அது பிடித்துவிடும். நம் சுற்றுக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் டிரான்சிஸ்டர் செத்த பிறகும் கடைசி பிட் சும்மா துள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே இன்னொன்றையும் சேருங்கள்: அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை, கூட்டல் கழித்தல் குறி பாராமல், 1,000 வாசிப்புகளுக்குச் சராசரி எடுங்கள். சரிவு இரைச்சலில் அடுத்த வாசிப்பு எங்கோ இருக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையிலோ ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 200 வாசிப்புகள் விழுவதால், அடுத்த வாசிப்பு பக்கத்திலேயே இருக்கும். சுற்று நன்றாக இருக்கும் நாளில் இந்தச் சராசரியை அளந்து குறித்துக்கொண்டு, அதில் பாதிக்குக் கீழே இறங்கினால் பிட்டுகளை நிறுத்திவிட்டுச் சிவப்பு எல்இடியை எரியவிடும்படி நிரல் எழுதுங்கள். எழுதி முடித்ததும், சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நகப்பூச்சுப் பொட்டு வைத்த டிரான்சிஸ்டரைப் பிடுங்குங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள்.